பேஸ்மட்டத்துக்குள் போன கடல்

எங்கள் புது வீட்டு பேஸ்மட்டத்துக்குள் ஒரு கடல் கிடக்கிறது. சிரிக்காதீர்கள். கடலைப் பார்ப்பதற்காக வேளாங்கண்ணிக்கு பஸ் ஏறிப் போன செந்துறைக்காரி நான். முதலில் சிரித்தவளும் நான்தான். இப்போது சிரிப்பு வருவதில்லை. அந்த வியாழக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்து பார்த்ததோடு அது போயிற்று.

செந்துறை கடைத்தெருவில் எனக்கு ஒரு தையல் கடை. வீடும் நிலமும் பக்கத்துக் கிராமத்தில். என் வீட்டுக்காரர் வெள்ளாமை பார்க்கிறார். எங்களுக்கு ஒரே மகள். அரியலூரில் கல்லூரியில் ஜியாலஜி படிக்கிறாள். 'அதப் படிச்சா என்ன வேல கெடைக்கும்?' என்று கேட்காத சொந்தக்காரர்களே கிடையாது. என் கொழுந்தனார் ஒருபடி மேலே போய், "சிமெண்டு ஃபாக்டரி வாசல்ல ஒக்காந்து கல்லு எண்ணலாம்ல" என்று வரும்போதெல்லாம் கிண்டல் செய்வார். அவளும் சிரித்துக்கொண்டே, "எண்ணிட்டு உங்களுக்கும் ஒண்ணு தரேன் சித்தப்பா" என்பாள்.

எங்கள் மானாவாரிக் கொல்லையை ஒட்டி ஒரு ஓடை போகிறது. போன மழையில் அதன் கரை ஒரு பக்கம் சரிந்து விழுந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆட்டைக் கட்டப் போன மகள் மூச்சிரைக்க ஓடி வந்தாள். தோசை மாவு கையோடு என்னை இழுத்துக்கொண்டு போனாள். சரிந்த கரையில் முறம் அகலத்துக்கு ஒரு கல், நத்தை ஓடு போலச் சுருண்டு, பாதி மண்ணுக்குள்ளும் பாதி வெளியிலுமாக இருந்தது. சுற்றிலும் சின்னச் சின்னச் சிப்பிகள்.

"அம்மா, இது அம்மோனைட்டும்மா. டைனோசரு இருந்த காலத்துல கடல்ல கெடந்த உசுரு."

"ஏண்டி, நம்ம கொல்லையில ஏதுடி கடலு?"

"இங்கதாம்மா கடலு இருந்துச்சு. நம்ம ஊரு பூரா தண்ணிக்குள்ள இருந்துச்சு."

நான் சிரித்தேன். குடிக்கிற தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நிற்கிற ஊருக்குக் கடல் வேறயா! ஆனால் அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. பத்தாம் வகுப்பு ரிசல்ட்டுக்குக் கூட அந்த முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. பிராஜக்டுக்கு என்ன எடுப்பது என்று தெரியாமல் மாதக்கணக்காக விழித்துக்கொண்டிருந்தவள் அவள். எல்லாரும் எழுதியதையே திரும்ப எழுத அவளுக்கு மனசில்லை. இப்போது அவளுடைய சொந்தக் கொல்லையிலேயே, இதுவரை யாரும் பார்க்காத ஒன்று அவள் கண்ணில் பட்டிருக்கிறது.

அவளுடைய கல்லூரி சாருக்கு அங்கேயே நின்று போன் போட்டாள். அவர் சொன்னது எனக்கும் கேட்டது. "தொடாதம்மா. தோண்டாத. அது எந்த மண்ணு அடுக்குல இருக்கு, பக்கத்துல என்னென்ன கெடக்குன்னு பாக்கணும். பேத்து எடுத்துட்டா அது வெறும் கல்லு. சனிக்கிழம நாங்களே வரோம்." அவள் பனையோலையை வெட்டி வந்து, கைப்பிள்ளைக்கு வெயில் படாமல் மறைப்பது போல அதன் மேல் மூடி வைத்தாள்.

அன்றைக்குச் சாப்பிடும்போது அப்பாவிடமும் சொன்னாள். அது என்ன, எவ்வளவு பழையது, யார் வரப்போகிறார்கள் என்று ஒன்று விடாமல் சொன்னாள். அவர் "சரி சரி" என்று தலையாட்டிக்கொண்டே சாப்பிட்டார். காது அவளிடம் இருந்தது. மனசு 'வரோம்' என்கிற அந்த ஒரு வார்த்தையில் போய் மாட்டிக்கொண்டது.

அந்த மனுசரைப் பற்றியும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். அவருடைய அப்பா காலம் வரைக்கும் அடுத்தவன் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பம். இந்த நிலத்தை வாங்குவதற்குள் அவர்களுக்குப் பாதி ஆயுசு போயிற்று. எங்கள் பக்கம் முழுக்கச் சுண்ணாம்புக்கல் சுரங்கம். நேற்றுவரை நிலக்கடலை விளைந்த இடம் இன்றைக்கு பஸ்ஸில் போகும்போது எட்டிப் பார்த்தால் தலை சுற்றுகிற பள்ளமாகக் கிடக்கும். ஜீப்பில் வந்து ஒருத்தர் நிலத்தை உற்றுப் பார்த்தாலே இங்கே ஆம்பிளைகளுக்குப் பயம் பிடிக்கும். அந்தப் பயத்துக்கு எண்ணெய் ஊற்றியவர் கொழுந்தனார். "அண்ணே, ஆபீஸருங்க வந்து பாத்தாங்கன்னு வச்சுக்க, வேலி போட்டு போர்டு நட்டுருவாங்க. அப்பறம் நீ ஆடு ஓட்டிக்கிட்டுக்கூட உள்ள போவ முடியாது" என்று திங்கட்கிழமை வந்து சொல்லிவிட்டுப் போனாராம். இது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

வியாழக்கிழமை மாலை பஸ்ஸை விட்டு இறங்கினேன். ஒரு ஜேசிபி எதிரே போனது. பழைய ஓட்டு வீட்டுக்குப் பக்கத்தில் நாங்கள் கட்டுகிற புது வீட்டுக்குப் பேஸ்மட்டச் சுவர் எழும்பி, உள்ளே நிரப்ப மண் கிடைக்காமல் நெடுநாளாகக் கிடந்தது. தூரத்திலிருந்தே அது நிரம்பியிருப்பது தெரிந்தது. அப்பாடா, மண் அடிச்சாச்சு என்று நான் சந்தோஷப்பட்டேன். ஆமாம், சந்தோஷம்தான் பட்டேன். கிட்டே போனதும் மண்ணின் நிறம் வெளிர் மஞ்சளாகத் தெரிந்தது. அதில் வெள்ளை வெள்ளையாகச் சிப்பித் துண்டுகள். ரெண்டு ஆட்கள் தண்ணீர் விட்டுத் திமுசுக் கட்டையால் இடித்துக் கெட்டிப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

"எங்கேருந்துங்க இந்த மண்ணு?"

பக்கத்தில் நின்ற என் வீட்டுக்காரரைத்தான் கேட்டேன். அவர் ஹோஸ் பைப்பைச் சரிசெய்வது போலக் குனிந்துகொண்டார். எனக்குப் புரிந்துவிட்டது. கைப்பையைக் கீழே போட்டுவிட்டு ஓடைக்கு ஓடினேன். கரை இருந்த இடத்தில் கரையே இல்லை. பனையோலை நசுங்கி ஜேசிபி தடத்தில் கிடந்தது. நடுவில் ஒரு சின்ன மேடு மட்டும் வேப்பமரத்தோடு தீவு மாதிரி நின்றது. அது எங்கள் கன்னிமார் சாமி இருக்கிற இடம். அங்கே இருக்கிற ஏழு கல்லின் மேலும் புழுதி படாமல் ஒரு வேட்டியை விரித்து மூடி வைத்திருந்தார்கள். அதைப் பார்த்தேன். ஆனால் அதைப் பற்றி நினைக்கிற நிலைமையிலா நான் இருந்தேன்?

திரும்பி வரும்போது மகள் வந்திருந்தாள். தோள் பையைக்கூட இறக்காமல் பேஸ்மட்டத்து மண்ணின் மேல் நின்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குப் பயம் வந்திருக்காது. "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று இடிக்கிறவர்களிடம் சொல்லிவிட்டு, குனிந்து ஒரு துண்டை எடுத்தாள். உள்ளங்கை அளவுக்கு வளைந்த துண்டு. உடைந்த ஓரம் புதுசாக மினுமினுத்தது. அதைத் துப்பட்டாவில் துடைத்துத் துடைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"யோவ், நீயெல்லாம் மனுசனாய்யா?"

கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவரை நான் 'ஏங்க' தவிர வேறு கூப்பிட்டதில்லை. அன்றைக்கு வேலையாட்கள் முன்னாலேயே வாயில் வந்துவிட்டது. அவர் கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. பொறுமையாக, எனக்குப் புத்தி சொல்வது போலச் சொன்னார்.

"நெலம் போயிட்டா நாம எங்க போயி நிக்கிறது? எல்லாம் யாருக்காக? அவளுக்காகத்தான. அந்தக் கல்லு எங்கயும் போவலயே. நம்ம வூட்டுக்கு அடியிலதான கெடக்கு. எவனும் திருட முடியாது. பத்தரமா இருக்கும்."

அவர் சாக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே அதைப் பத்திரப்படுத்திவிட்டதாக நம்பினார். எனக்கு மண் போனதைவிட அதுதான் பெரிய அதிர்ச்சி.

சனிக்கிழமை சார் வந்துவிட்டார். வர வேண்டாம் என்று சொல்ல மகளுக்கு வாய் வரவில்லை. அவர் பள்ளத்தின் ஓரத்தில் குனிந்து, ஜேசிபி வெட்டிய மண்ணைத் தடவிப் பார்த்தார். மோர் கொண்டுபோய்க் கொடுத்த என் வீட்டுக்காரரே தயங்கித் தயங்கிக் கேட்டார். "சார், அது இருந்திருந்தா எங்க நெலத்த எடுத்திருப்பீங்களா?"

"நாங்க வாத்தியாருங்க ஐயா. அளந்து, போட்டோ எடுத்து, எழுதிக்கிட்டுப் போயிருப்போம். உங்க நெலத்த நாங்க என்ன பண்ணப் போறோம்?"

என் வீட்டுக்காரர் மோர் செம்பை வாங்கிக்கொண்டு தலை குனிந்துகொண்டார். யாரும் கேட்காத நிலத்துக்காக மகள் கண்டெடுத்ததை இடித்துக் கெட்டிப்படுத்தியிருக்கிறார். எனக்கு அப்போது சாத்தனூர் ஞாபகம் வந்தது. கல்லாகிப்போன மரத்தைப் பார்க்க நாங்கள் குடும்பத்தோடு அங்கே போயிருக்கிறோம். வேலிக்கு வெளியே நின்று போட்டோ எடுத்துக்கொண்டோம். மரத்தைத் தொடப் போன ஒரு ஆளை என் வீட்டுக்காரர்தான் சத்தம் போட்டு விரட்டினார். கீழப்பழுவூர்க் கோயில் சுவரில் எவனோ பெயர் கிறுக்கியிருந்ததைப் பார்த்து, 'படிச்ச நாயி' என்று திட்டியதும் அவர்தான். வேலி இருந்தால் அது பழைய பொருள், காவல்காரர் இருந்தால் அது பெரிய பொருள் என்றுதான் நாங்கள் பழகியிருக்கிறோம். எங்கள் ஓடைக்கு யார் காவல்? நாங்கள் மூன்று பேர்தான். அதில் ஒருவர் ஜேசிபி கூப்பிட்டார்.

"இந்த மேடு மட்டும் ஏன் அப்படியே இருக்கு?" என்று சார் கேட்டார்.

என் வீட்டுக்காரர் நிமிர்ந்தார். "அது எங்க கன்னிமாரு சார். அதுல எவன் கைய வப்பான்? ஜேசிபிக்காரன்கிட்ட மொத வார்த்தையே அதத்தான் சொன்னேன்."

சார் செருப்பைக் கழற்றிவிட்டு மேட்டில் ஏறினார். நடுவில் இருக்கிற பெரிய கல்லைக் குனிந்து பார்த்தவர், "கொஞ்சம் தண்ணி ஊத்தலாமாம்மா?" என்று என்னைக் கேட்டார். ஆடிப்பெருக்குக்கு அந்தக் கற்களைக் கழுவுவது எங்கள் வீட்டுப் பெண்களின் வேலை. மாமியாருக்குப் பிறகு நான்தான் செய்கிறேன். பழைய மஞ்சள் மேலேயே தண்ணீரை ஊற்றி, ஈரம் காய்வதற்குள் புது மஞ்சளைப் பூசி, பொட்டு வைத்து, கண்ணை மூடிக் கும்பிட்டுவிட்டு வருவேன். அன்றைக்குத்தான் கண்ணைத் திறந்துகொண்டு தண்ணீர் ஊற்றினேன். கட்டை விரலால் தேய்த்தேன். ஏடு ஏடாக மஞ்சள் உரிந்தது. உள்ளே ஒரு வளையம் தெரிந்தது. அதற்குள் இன்னொரு வளையம்.

"ஆத்தாடி!"

செம்பு கையை விட்டு உருண்டு பள்ளத்துக்குள் விழுந்தது. அதே நத்தைச் சுருள். அளவுதான் சின்னது. மகள் ஓடி வந்து அடுத்த கல்லைத் தேய்த்தாள். அதுவும் அப்படியே. எந்தக் காலத்து ஆட்களோ, இந்த ஓடையிலிருந்து பொறுக்கி எடுத்து வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். கும்பிட்டதால் அது தப்பித்தது.

என் வீட்டுக்காரர் மேட்டில் ஏறி வந்து மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பேஸ்மட்டம் இருக்கிற பக்கம் பார்த்தார். பிறகு மஞ்சள் உரிந்த கல்லைப் பார்த்தார்.

"இதுவும் அதுவும் ஒண்ணுன்னு தெரிஞ்சிருந்தா நான் தொட்டிருப்பனா தாயி?"

மகள் தலையை நிமிர்த்தவில்லை. சுருளுக்குள் படிந்த மஞ்சளைத் துப்பட்டா நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அது என்னன்னு சாப்புடறப்ப சொன்னேனேப்பா."