ஆக்ஸ்போர்டில் கிடந்த வாய்க்கால் பட்டயம்

இந்த நாட்டு ரயிலில் யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்பதில்லை. தென்காசியில் வண்டி ஏறினால் கடையம் வருவதற்குள் எதிரே இருக்கிறவருக்கு நம் பேர், தகப்பனார் பேர், போகிற காரியம், கல்யாணம் ஆயிற்றா இல்லையா எல்லாம் தெரிந்துவிடும். அம்பாசமுத்திரத்தில் இறங்கும்போது, காரியம் ஜெயமாகட்டும் என்று சொல்லிவிட்டுத்தான் இறங்குவார். லண்டனிலிருந்து ஆக்ஸ்போர்டு போன அன்று என்னோடு ஐந்து பேர் இருந்தார்கள். ஐவரும் பத்திரிகையை விரித்துத் தலையை உள்ளே வைத்துக்கொண்டார்கள். ஒரு கிழவர் மட்டும் பத்திரிகையைத் தாழ்த்தி என்னைப் பார்த்தார். அப்பாடா, கேட்கப் போகிறார் என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். ஜன்னலை மூடலாமா என்றார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன், உங்கள் ஆள் ஒருவன் எங்கள் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்த பொருளைப் பார்க்கப் போகிறேன் ஐயா என்று.

குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு ஊருக்குப் போகிறவர்களுக்கு, அந்தத் தண்ணீர் அப்புறம் எங்கே போகிறது என்ற கவலை கிடையாது. அது சிற்றாறாக இறங்கி, அணையில் தேங்கி, வாய்க்கால்களாகப் பிரிந்து வயலுக்கு வருகிறது. எங்கள் வாய்க்காலுக்கு இரண்டு மடை. மேல்மடையில் எங்கள் குடும்பத்து நிலம். கீழ்மடையில் குத்துக்கல்வலசைப் பக்கத்துச் சின்னச் சம்சாரிகளின் நிலம். எட்டு நாளுக்கு ஒரு சுற்று. அதில் ஆறு நாள் எங்களுக்கு, இரண்டு நாள் அவர்களுக்கு என்று எத்தனையோ காலமாக நடந்து வருகிறது. இல்லை, எங்களுக்கு நாலு நாள் உண்டு என்று கீழ்மடைக்காரர்கள் கோர்ட்டுக்குப் போய்விட்டார்கள். பங்கு எழுதிய செப்புப் பட்டயம் ஒன்று இருந்தது என்பதில் இரு தரப்புக்கும் சண்டையில்லை. பட்டயம்தான் கையில் இல்லை. அப்பாவின் தாத்தா காலத்தில், சாரலுக்குக் குற்றாலம் வந்து பங்களாவில் தங்கிய துரை ஒருவன், பார்த்துவிட்டுத் தருகிறேன் என்று வாங்கி அபகரித்துக்கொண்டான் என்பது எங்கள் வீட்டுக் கதை. பால் குடிக்கிற வயதிலிருந்து நான் கேட்ட கதை.

நான் கப்பலேறுவதற்கு முதல் நாள் அப்பா கூப்பிட்டார். "பாரிஸ்டர் படிப்பு ஒருபக்கம் நடக்கட்டும். அந்தப் பட்டயம் ஆக்ஸ்போர்டுல ஒரு காலேஜ்ல கெடக்குன்னு தாலுகா கச்சேரியில பழைய கடுதாசி ஒண்ணு சொல்லுது. நேர போய்ப் பாத்து, எழுத்துக்கு எழுத்து எழுதி அனுப்பு. நமக்கு ஆறு, அவனுவளுக்கு ரெண்டு. அதைக் கண்டா கோர்ட்டே வாயை மூடிரும்."

"அதுல வேற மாதிரி இருந்தா?" என்றேன்.

"எப்படிலே இருக்கும்? கோட்டிக்காரப் பய மாதிரி கேக்குத."

ஆக்ஸ்போர்டு அழகான ஊர்தான். எழுதும்போதே கோபம் வருகிறது. தேன் நிறக் கல்லில் கோபுரம் கோபுரமாக எழுப்பி, நடுவில் புல்லை வளர்த்து, அந்தப் புல்லின் மேல் நடக்கக் கூடாது என்று காவலுக்கு ஆளும் போட்டிருக்கிறார்கள். பொடிப்பொடியாகத் தூறிக்கொண்டிருந்தது. நம் சாரல் மாதிரி என்று சொல்ல வாய் வந்தது, மனம் வரவில்லை. எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் இது யார் வீட்டுச் சொத்தோ என்றுதான் தோன்றியது.

காலேஜ் நூலகத்தில் என் பேராசிரியர் கொடுத்த கடிதத்தைக் காட்டினேன். நூலகர் ஒல்லியான மனிதர், மரியாதைக்காரர். நீலத்துணி விரித்த தட்டில் பட்டயத்தைக் கொண்டுவந்து வைத்தார். கட்டியிருந்த சீட்டில் 'மலபார் பிரார்த்தனை' என்று எழுதியிருந்தது. பழைய துரைமார்களுக்குத் தமிழ் என்றால் மலபார்.

"இது மலபார் அல்ல, தமிழ்" என்றேன்.

"ஆமாம், மலபார்" என்று தலையாட்டினார்.

"பிரார்த்தனையும் அல்ல. தண்ணீர் விடுகிற முறை."

"அதுவும் தண்ணீருக்கான பிரார்த்தனைதானே" என்று புன்னகை செய்தார். புளியறையைத் தாண்டிப் போய் மலையாளத்தில் பேசியிருந்தால்கூட இதைவிட விளங்கியிருக்கும். யாரோ கூப்பிட, இதோ வருகிறேன் என்று உள்ளே போனார்.

செம்பு களிம்பேறிக் கறுத்திருந்தது. கீறல் தெரிந்ததே தவிர எழுத்துப் பிடிபடவில்லை. நம் பக்கத்தில் இதற்கு யாரும் தயங்க மாட்டார்கள். கல்லோ செம்போ, கொஞ்சம் திருநீற்றைத் தேய்த்து உள்ளங்கையால் வழித்துவிட்டால் பள்ளத்தில் வெள்ளை நிற்கும், எழுத்துத் தெரியும். கணக்குப்பிள்ளையும் அப்படித்தான் வாசிப்பார், கோயில் பட்டரும் அப்படித்தான் வாசிப்பார். அம்மா மடித்துக் கொடுத்த விசுவநாதர் கோயில் திருநீறு என் கோட்டுப் பையில் இருந்தது. ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தேன். பளிச்சென்று வாசிக்க வந்தது.

முன்பக்கம் எல்லைகளும் சாட்சிகளும். அவசரமாக நோட்டில் எழுதினேன். திருப்பிப் பின்பக்கமும் தேய்த்தேன். எட்டு நாள் முறையில் மேல்மடைக்கு நாலு நாள், கீழ்மடைக்கு நாலு நாள் என்று இருந்தது. மறுபடி வாசித்தேன். நாலுதான். இதை மாற்றுகிறவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்றும், அதன் கீழே சம்மதித்தவர்களில் முதல் பேராக எங்கள் குடும்பத்து முன்னோர் பேரும் இருந்தன.

அப்போதுதான் நூலகர் திரும்பி வந்தார். தட்டெல்லாம் சாம்பல். மனிதர் வெளிறிப்போய்ப் பட்டயத்தைப் பிடுங்கினார். என்ன ரசாயனம் போட்டாய் என்று கேட்டார்.

"சாம்பல். எங்கள் ஊரில் இப்படித்தான் வாசிப்போம்" என்றேன்.

"நூறு வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தோம். ஐந்து நிமிஷத்தில் பாழாக்கிவிட்டாய்."

"நூறு வருஷமாக ஒருவர்கூட வாசிக்கவில்லையே. நான் என்ன புளி போட்டா தேய்த்தேன்?"

அவருக்குப் புளி விளங்கவில்லை. எனக்கோ, அந்த நாலு நாள் நெஞ்சில் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. அந்த ஆத்திரத்தை யார் தலையிலாவது கொட்ட வேண்டியிருந்தது. திருடர்கள், என் முப்பாட்டனை ஏமாற்றித் திருடி வந்தவர்கள் என்று கத்தினேன். அவர் பதிலுக்குக் கத்தவில்லை. ஒரு தடித்த பதிவேட்டைக் கொண்டுவந்து பிரித்து விரலை வைத்தார். துரை கேட்டு வாங்கியதாக அதில் இல்லை. குற்றாலத்து பங்களாவுக்குத் தானே தேடி வந்து, வேண்டாம் என்றும் கேளாமல் அன்பளிப்பாகக் கொடுத்தவர் என்று ஒரு பேர் கண்டிருந்தது. எழுத்துக் கூட்டியதில் பேர் நொண்டியானாலும் ஆள் யார் என்று தெரிந்துவிட்டது. சங்கரநாராயண பிள்ளை, என் அப்பாவின் தாத்தா.

கடைத் தேங்காயை எடுத்து வழிப் பிள்ளையாருக்கு உடைத்திருக்கிறார் மனிதர். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் தாத்தா கப்பலேற்றியல்லவா மறைத்திருக்கிறார். வைத்திருந்தால் என்றைக்காவது கீழ்மடைக்காரன் கண்ணில் படும், உருக்கினால் பாவம். துரை கையில் கொடுத்துவிட்டால் பழியும் துரைக்கு, தண்ணீரும் நமக்கு. நூலகர் என்னைக் கதவுவரை கொண்டுவந்து விட்டார். இனி இங்கே உங்களுக்கு அனுமதி இல்லை என்று நிதானமாகச் சொன்னார். ஊரைச் சுற்றிப் பார்க்காமலே ரயிலடிக்கு நடந்தேன்.

திரும்பும் வண்டியிலும் யாரும் எதுவும் கேட்கவில்லை. அன்று அது நல்லதாய்ப் போயிற்று. கீழ்மடை மாடசாமி ஞாபகம் வந்தது. வழக்குப் போட்டவர்களில் அவர் ஒருவர். நான் புறப்பட்ட அன்று தென்காசி ஸ்டேஷனில் அப்பா டிக்கெட்டுக்குப் போன சமயம் பார்த்துப் பக்கத்தில் வந்தார்.

"சின்னய்யா, அதைப் பாக்கதுக்குத்தான் போறீயன்னு கேள்விப்பட்டோம். எங்கள்ல அங்கன போய் வாசிக்க ஆள் கெடையாது. நெல்லு பதராகிக் கருக்கா விடுதப்ப மடையப் பாத்துக்கிட்டே நிக்கோம், தண்ணி வரமாட்டேங்கு. அதுல ரெண்டுன்னு இருந்தா நாங்க வழக்கை வாபஸ் வாங்கிருதோம். நீங்க பாத்துச் சொன்னாச் சரி."

"எல்லாம் கோர்ட்டுல பேசிக்கிடும்" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். எதிரி தரப்பு வாரிசை நம்பி ஒரு மனிதர் வந்து நிற்கிறார், எனக்குக் கௌரவக் குறைச்சலாக இருந்தது. அந்த நிமிஷத்தை நினைத்தால் இன்றைக்கும் என் கன்னத்தில் நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

ஆனாலும் அறைக்கு வந்து அப்பாவுக்கு என்ன எழுதினேன் தெரியுமா? வெள்ளைக்காரன் காட்ட மறுத்துவிட்டான் என்று எழுதினேன். தாத்தா செய்ததையே நானும் செய்தேன். துரை தலையில் பழியைப் போட்டுவிட்டு, நோட்டைப் பெட்டிக்கு அடியில் வைத்துப் பூட்டினேன். இங்கே இந்தியர்கள் கூடுகிற இடத்தில் இவர்கள் நம் நாட்டைச் சுரண்டுகிறார்கள் என்று நான் எழுந்து பேசுவேன், கைதட்டுவார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை. பேசுகிற வாய்தான் சரியில்லை.

ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தேன், சாப்பாடு இறங்கவில்லை. விசாரணை நெருங்குகிறது என்று அப்பா எழுதியிருந்தார். கடைசியில் இரண்டு பக்கத்தையும் எழுத்துக்கு எழுத்து இரண்டு பிரதி எடுத்து, பதிவேட்டில் கண்டதையும் சேர்த்து, ஒன்றை அப்பாவுக்கும் ஒன்றைக் கீழ்மடைக்காரர்களின் வக்கீலுக்கும் தபாலில் போட்டேன். வக்கீலிடமிருந்து, கிடைத்தது என்று மட்டும் வந்தது. அப்பாவிடமிருந்து ஒரு கார்டு வந்தது. 'இனி நீ அங்கனயே இருந்துக்கோ' என்று பேசுகிற மாதிரியே எழுதியிருந்தார். அம்மாவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அதற்கப்புறம் வீட்டிலிருந்து தபால் கிடையாது. பத்திரிகையில் இதைப் பேரோடு எழுதினால் குடும்ப மானம் போய்விடும் என்று இங்குள்ள நண்பர்கள் தடுத்தார்கள். முன்னோர் கொடுத்த வாக்கை மறைத்தபோது போகாத மானமா இப்போது போகிறது? தீர்ப்பு வந்திருக்க வேண்டிய நாள் தாண்டிவிட்டது. இந்நேரம் பிசானப் பருவத்து நடவு முடிந்து வாய்க்காலில் தண்ணீர் ஓடும். நாலாம் நாள் முடிந்து மேல்மடை அடைபடுகிறதா, ஐந்தாம் நாளும் எங்கள் ஆட்கள் மண்வெட்டியோடு நிற்கிறார்களா, ஒன்றும் தெரியவில்லை. அதை எழுதி அனுப்ப எங்கள் வீட்டில் இப்போது எனக்கு ஆள் இல்லை. மாடசாமி சொல்லுவார், சந்தோஷமாகவே சொல்லுவார். அவருக்கு எழுதத் தெரியாது.