பத்தியம் முடிந்த நாள்

என் வீட்டுக்காரரை இரத்தம் எடுக்க அனுப்பிவிட்டு, டாக்டர் என்னை மட்டும் உள்ளே கூப்பிட்டார். "இனிமே பத்தியம் ஒண்ணும் வேணாம்மா. அவர் எதுக்கு ஆசைப்படுறாரோ அதைக் குடுங்க" என்றார். ஆஸ்பத்திரிக்கு நடையாய் நடந்தவர்களுக்கு இந்தப் பேச்சின் அர்த்தம் தெரியும். இதைக் கேட்டுவிட்டு வந்து, பக்கத்துப் பெஞ்சில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டவர்களை நான் பார்த்திருக்கிறேன். குழாயடியில் முகத்தைக் கழுவிக்கொண்டு அவரிடம் போனேன்.

"இன்னாடி சொன்னாரு?"

"பத்தியம் முடிஞ்சிடுச்சாம். எது வேணா சாப்பிடலாமாம்."

நான் சொன்னதில் பொய் இல்லை. ஆனால் அவர் முகம் மலர்ந்ததே, அடப்பாவி மனுஷா! "அப்ப வயித்துல இருந்த கட்டி கரைஞ்சிடுச்சுன்னு சொல்லு" என்றார். மாசக் கணக்கில் கஞ்சியும் வேகவைத்த சுரைக்காயும் தின்றவர். சரி, இன்றைக்கு ஒரு நாளாவது சந்தோஷமாக இருக்கட்டும் என்று தலையாட்டிவிட்டேன்.

உடனே எங்கள் ஊர் ஆம்பூருக்கு பஸ் ஏற மாட்டேன் என்றார். காட்பாடி ரோட்டில் வெளிநாட்டுச் சாமான் விற்கிற பெரிய கடை திறந்திருக்கிறார்களாம், அதைப் பார்க்க வேண்டுமாம். ஆட்டோ பிடித்துப் போனோம். உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. காலேஜில் படிக்கிற வெளிநாட்டுப் பிள்ளைகள், வைத்தியத்துக்கு வந்த வங்காளிக் குடும்பங்கள், எங்கே பார்த்தாலும் புரியாத பாஷை. பாஸ்தாவில் மட்டும் ஒரு சுவர் முழுக்க வகை இருந்தது. எனக்குத் தலை சுற்றியது. அவரோ திருவிழாவுக்கு வந்த பிள்ளை மாதிரி டிராலியைத் தள்ளிக்கொண்டு முன்னால் ஓடினார்.

ஷூ கம்பெனியில் பேக்கிங் செக்‌ஷனில் வேலை பார்த்தவர் அவர். காலமெல்லாம் அட்டைப்பெட்டி மேல் வெளிநாட்டு ஊர்ப் பெயர் ஒட்டி அனுப்பியவர், பெங்களூரைத் தாண்டிப் போனதில்லை. இங்கே ஒவ்வொரு டப்பாவையும் திருப்பி, எந்த நாடு என்று கண்ணைச் சுருக்கிப் படித்தார். "தோ பாரு, இத்தாலி! ஸ்பெயின் கூட இருக்குது. எவ்ளோ ஷூ அனுப்பியிருப்பேன், இப்பதான் பதிலுக்கு அனுப்புறானுங்க" என்று சிரித்தார். சட்டைக்குள் தோள் எலும்பு ஆடியது. 

ஆலிவ் காய் பாட்டிலை எடுத்து என் பக்கம் காட்டினார். "எடுத்துக்கோங்க" என்றேன். ஏதோ ஒரு சீஸ் கட்டி. எடுத்துக்கோங்க. பெயர் தெரியாத மீன் டப்பா, கொரியா நூடுல்ஸ், வாயில் நுழையாத பேருள்ள ஜாம், எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். அவர் சந்தைக்குப் போய் அரைக் கிலோ திராட்சை கூடுதலாக வாங்கி வந்தால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துகிறவள் நான். அந்த வாயை அன்றைக்கு எங்கே தொலைத்தேன் என்று தெரியவில்லை.

பிறகு அவர் எடுக்கிற வேகம் குறைந்தது. ஒரு சாக்லேட் பெட்டியை எடுத்தார். வெல்வெட் துணி சுற்றி, நகைப்பெட்டி மாதிரி இருந்தது. விலை ஒட்டியிருந்த பக்கத்தை வேண்டுமென்றே என் முகத்துக்கு நேராகப் பிடித்தார். விலையைப் பார்த்தேன். "ஆசையா இருந்தா எடுத்துக்கோங்க" என்றேன்.

அவர் அந்தப் பெட்டியைப் பிடித்தபடியே நின்றார். ஒரு வங்காளி அம்மா "ஸைடு, ஸைடு" என்று எங்களைத் தாண்டிப் போனாள். அவர் நகரவில்லை. முகத்தில் இருந்த வெளிச்சம் இறங்கியதை நான் நின்று பார்த்தேன்.

"டாக்டர் நெசமா இன்னா சொன்னாரு?" என்று மெதுவாகக் கேட்டார்.

"அதான் சொன்னேனே, பத்தியம்..."  எதிரே இருந்த எண்ணெய் பாட்டில்களைப் பார்த்தேன்.  

அவர் என் கையைத் தொட்டார். "திட்டுடி" என்றார்.

"இன்னாங்க?"

"எப்பவும் திட்டுவியே, அந்த மாதிரி திட்டு. நீ இப்படிச் சும்மா இருந்தா பயமா இருக்குது."

திட்டினேன். "புத்தி இருக்குதா உங்களுக்கு? கண்ட கருமத்தையும் தூக்கிட்டு வர்றீங்க, இத்த யாரு துன்றது? இந்த ஊசிப்போன சீஸு யாருக்கு? வைங்க முதல்ல, எல்லாத்தையும் எடுத்த எடத்துல வைங்க!" குரல் உடைந்து கடை முழுக்கக் கேட்டது. யூனிஃபார்ம் போட்ட பொண்ணு ஓடி வந்து, "என்னாச்சும்மா?" என்றாள். "ஒண்ணும் இல்லம்மா, நீ போ" என்று அவரே அவளை அனுப்பிவைத்தார்.

பிறகு சாக்லேட் பெட்டியை அலமாரித் தட்டில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டு, "ம்... சரி... ம்..." என்று ஒவ்வொரு பொருளாக எடுத்த இடத்தில் வைத்துக்கொண்டு வந்தார். நான் பின்னாலேயே திட்டிக்கொண்டு போனேன். நிறுத்தினால் அழுதுவிடுவேன் என்று எனக்குத் தெரியும். அவருக்கும் தெரிந்திருக்க வேண்டும். டிராலி காலியான பிறகும், "இன்னும் கொஞ்சம் திட்டுடி" என்றார்.