அம்மன் முன் நின்ற அம்புலன்ஸ்

பொகவந்தலாவைக்கு மேலே இருக்கும் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் ரோடு கோயில் வளைவோடு முடிகிறது. அதற்கு மேல், நாங்கள் வரிசை வீடுகளில் குடியிருக்கும் லயங்களுக்குப் படிக்கட்டுதான். நோயாளிகளை வளைவு வரை தூக்கி வந்து அம்புலன்சில் சேர்ப்பதற்கென்று, கிரிக்கெட் விளையாடும் இளைஞர்கள் ஒரு குழு வைத்திருக்கிறார்கள். கூலி கிடையாது.

போன வருடம் வைகாசியில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த பெண்களைக் குளவி கொட்டியது. அவர்களில் தோட்டத் தலைவரின் மனைவிக்கு முகம் வீங்கி மூச்சு அடைத்துவிட்டது. குழு தூக்கி வந்தது, அம்புலன்ஸ் கொண்டு போனது, பிழைத்தார். வீடு திரும்பியதுமே, வருகிற ஆயுத பூசையில் அந்த வண்டிக்கும் மாலை போட வேண்டும் என்று சொல்லிவிட்டார்.

அழைப்பு வந்தால் அந்த நிமிடமே கிளம்பிவிடுவோம் என்ற நிபந்தனையோடு, பூசையன்று காலை வண்டி வந்தது. சாரதி சிங்களவர். உடன் வந்த உதவியாளர் ஹட்டன் பக்கத்துத் தமிழ்ப்பெண். பெரிய விருந்தாளிக்குப் பெரிய இடம் கொடுப்பதுதானே எங்கள் வழக்கம்? அம்புலன்சைக் கோயில் முற்றத்துக்குள், அம்மன் சந்நிதிக்கு நேரே நிறுத்தினோம். அதன் பின்னால் கொழுந்து லொறி, லொறிக்குப் பின்னால் ஆட்டோக்கள். கோயிலுக்கு வாசல் ஒன்றுதான் என்பது எனக்கும் தெரியும். அன்றைக்கு அது யாருக்கும் தோன்றவில்லை.

பூசாரி நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தார். முன் கண்ணாடியில் அவர் பூசிய சந்தனத்தை உதவியாளர் துடைக்க, அவர் மறுபடியும் பூசினார். சுண்டல் கொடுத்துக்கொண்டிருக்கும்போது அழைப்பு வந்தது. மேல் லயத்துப் பெண்ணுக்கு மாதம் நிறையும் முன்பே வலி கண்டுவிட்டதாம். குழுவில் பாதிப்பேர் தூக்குக் கட்டிலோடு மேலே ஓடினார்கள். மீதிப்பேர் ஆட்டோக்களை அப்படியே தூக்கி ஓரமாக வைத்தார்கள். லொறியைத்தான் அசைக்க முடியவில்லை. சாவியோடு அதன் சாரதி குளிக்கப் போயிருந்தார்.

பூசை போட்ட ஆயுதத்தை மறுநாள் வரை எடுக்கக்கூடாதே என்று பூசாரி மெதுவாக நினைவூட்டினார். தலைவரின் மனைவி அவரைத் திரும்பிப் பார்த்தார்.

"சாமி, அன்னைக்கி நான் மூச்சு விட முடியாம கெடந்தப்ப இந்த வண்டி லீவுல இருந்திருந்தா, இன்னைக்கி ஒங்களுக்கு சுண்டல் அவிச்சிருக்க மாட்டேன்."

அம்புலன்ஸ் சாரதி இருக்கையில் ஏறி உட்கார்ந்திருந்தார். நெற்றியில் எங்கள் சந்தனம். "அம்மா, கோவம் வேணாம். லொறி மட்டும் எடுங்க," என்றார்.

லொறிச் சாரதி தலை நிறைய சோப்பு நுரையோடு, துண்டைப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "அண்ணே, வண்டிக்குத்தானே பூச, ஒங்களுக்குமா அபிஷேகம்?" என்று யாரோ கேட்டார்கள். அவர் நுரையோடே ஏறி லொறியைப் பின்னால் எடுத்தார். அம்புலன்ஸ் வாசலைத் தாண்டவும், குழு அந்தப் பெண்ணைக் கடைசிப் படியில் இறக்கவும் சரியாக இருந்தது. மாலையைக்கூடக் கழற்றவில்லை. அப்படியே போய்விட்டார்கள்.

கோயில் முற்றத்தில் எலுமிச்சம்பழங்கள் நசுங்கிக் கிடந்தன. பூசாரி குனிந்து ஒன்றைக் கையில் எடுத்தார்.

"பழம் நசுங்கணும்னா வண்டி கெளம்பித்தானே ஆகணும். பூச இப்பத்தான் முடிஞ்சிருக்கு," என்றார்.

சாயங்காலம் பெண் குழந்தை பிறந்ததாகத் தகவல் வந்தது. எடை குறைவு என்றார்கள். சில வாரங்கள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து அனுப்பினார்கள்.

இந்த வருட ஆயுத பூசைக்கும் அதே இருவர்தான் வந்தார்கள். அம்புலன்சைக் கோயில் வாசலுக்கு வெளியே, முகம் ரோட்டைப் பார்க்க நிறுத்தினோம். அம்மனுக்கு முதுகைக் காட்டலாமா என்று யாரும் கேட்கவில்லை. பூசாரியே தட்டை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். அந்தக் குழந்தையை உதவியாளர் இடுப்பில் வைத்திருந்தார். அவர் இந்த முறை சந்தனத்தைத் துடைத்தது கண்ணாடியிலிருந்து அல்ல, அதன் வாயிலிருந்து.