மூன்றாவது தட்டு

தம்பி கேட்டது ஒரே ஒரு பக்கம். கடைகளுக்கு ரேக்கும் கண்ணாடி ஷோகேஸும் செய்து கொடுக்கும் எங்கள் கம்பெனி போடிநாயக்கனூரில் புதிய ஷோரூம் திறக்கிறது. அதன் சுவரில் மாட்ட கம்பெனியின் வரலாறு வேண்டுமாம். "படிச்சவ நீதானக்கா. வெரசா எழுதிக் குடு" என்றான்.

மகளைத் தூங்க வைத்துவிட்டு மூன்று மதியங்கள் உட்கார்ந்தேன். அப்பா முதலில் மலைத் தோட்டங்களுக்கு ஏலக்காய் காய வைக்கும் கம்பிவலைத் தட்டுகள் செய்தார். அவற்றை அடுக்கும் இரும்புச் சட்டத்தைப் பார்த்த மளிகைக்காரர் ஒருவர் தன் கடைக்கும் அதே போல ஒன்று கேட்டார். அதுதான் தொடக்கம். அதுவரை நன்றாகவே வந்தது. அடுத்து எழுத வேண்டியது ஒன்று இருக்கிறது. அது சுவரில் மாட்டக்கூடியதா என்றுதான் தெரியவில்லை. எழுதி, அடித்து, மறுபடி எழுதி, கடைசியில் இங்கே எழுதுகிறேன்.

அப்போது எனக்கு எட்டு வயது. பட்டறை, வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகை. ரேக் வாங்க யார் வந்தாலும் அப்பா என்னைத் தூக்கி மூன்றாவது தட்டில் உட்கார வைப்பார். இடப்பக்கம் ஒட்டி நின்றுகொண்டு, "ஆடுதா ஆத்தா?" என்பார். "ஆடலப்பா" என்பேன். உடனே அவர் வந்தவர் பக்கம் திரும்பி, "எம்பிள்ளையவே உக்கார வச்சிருக்கேன்ணே. ஒங்க சோப்புக்கும் சீனிக்கும் என்ன வந்துறப் போகுது?" என்பார். பெரும்பாலும் அத்துடன் வியாபாரம் முடிந்துவிடும். என் வகுப்பில் வேறு எந்தப் பிள்ளைக்கும் கம்பெனியில் வேலை இல்லை என்பதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமே இருந்தது. அம்மா மட்டும் நான் இறங்கும் வரை சமையலறை வாசலில் கரண்டியுடன் நிற்பாள். அடுப்பில் ஏதாவது தீய்ந்தாலும் நகர மாட்டாள்.

ஒருநாள் போடிமெட்டுக்கு மேலே, தோட்டத் தொழிலாளர்களுக்கு மளிகைக்கடை வைத்திருந்த ஒருவர் வந்தார். கழுத்தில் மப்ளர், பெரிய உடம்பு. முதலில் ஆறு ரேக், பிடித்தால் இன்னும் ஆறு என்றார். அதற்கு முன் எங்களிடம் யாரும் இரண்டுக்கு மேல் கேட்டதில்லை. அம்மா பால் வாங்கி வரச் சொல்லிக் காப்பி போட்டாள்.

அவர் தட்டில் இருந்த என்னைப் பார்த்தார். "என்ன தம்பி, வெயிட்டு பாக்க ஒரு கோழிக்குஞ்சத் தூக்கி வச்சிருக்க? எங்கடையில ஏறப்போறது அரிசி."

"குஞ்சு இல்லண்ணே. காலைல ஆறு இட்டிலி தின்னுருக்கு."

அவர் சிரித்துவிட்டு ரேக்கின் காலை ஒரு குலுக்குக் குலுக்கினார். "சரி, கொழப்பமில்ல. செஞ்சு அனுப்பு."

அப்பா நெஞ்சுக்கு நேராக இரண்டு கைகளையும் கூப்பினார். அந்த நொடியில் எனக்குக் கீழே 'டிக்' என்று ஒரு சத்தம். தட்டு இடப்பக்கம் நூலளவு இறங்கியது.

"என்ன பிள்ள, ஆடுதா?" என்று அந்த மனிதரே விளையாட்டாகக் கேட்டார்.

"ஆடல" என்றேன். வந்தவர் முன்னால் சொல்வதற்கு எனக்கு வேறு பதில் பழக்கமில்லை.

நான் உட்கார்ந்த ரேக்கும் சேர்ந்துதான் மலையேறியது. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. பள்ளிக்கூட ஜன்னலில் மலை தெரியும். அதன் மேல் மேகம் மூடினால், அதற்குக் கீழே தட்டு இறங்கிக்கொண்டிருப்பதாகத் தோன்றும். வீட்டில் போன் அடித்தால் கொல்லைப்பக்கம் ஓடிவிடுவேன். ரேக்குக்குக் கீழே யாராவது நிற்பார்களே, யாராக இருக்கும் என்று யோசிப்பேன். முதலில் அந்த மப்ளர்காரரை நிறுத்திப் பார்த்தேன். அப்புறம் ஒரு குழந்தை தானாக வந்து அங்கே உட்கார்ந்துவிட்டது, எழுப்ப முடியவில்லை. ஆறு இட்டிலி இரண்டானதும் அம்மா உப்பும் மிளகாயும் எடுத்து எனக்குச் சுற்றிப் போட்டாள்.

பத்துப் பதினைந்து நாள் கழித்து, மீதி ஆறுக்கு அளவெடுக்க அப்பாவை வரச் சொன்னார்கள். அழுது அடம்பிடித்து நானும் ஜீப்பில் ஏறினேன். பாதி வழியில் வாந்தி.

கடையில் ரேக் நிறையச் சரக்கு இருந்தது. மூன்றாவது தட்டில் அரிசிப் பைகளும் எண்ணெய் டின்களும். அந்த ரேக்கின் காலடியில், தரையில் ஒரு சாக்கை விரித்து, கடைக்காரரின் பேத்தி, மூன்று வயது இருக்கும், காலை நீட்டித் தீப்பெட்டிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

அப்பா டேப்பை நீட்டி எதிர்ச் சுவரை அளந்துகொண்டிருந்தார். அவர் சட்டை நுனியைப் பிடித்து இழுத்தேன். "அப்பா, அன்னைக்கு ஆடுச்சு."

மெதுவாகத்தான் சொன்னேன். கடை சின்னது, எல்லோருக்கும் கேட்டுவிட்டது.

எவ்வளவு ஆடியது, ஏன் அப்போதே சொல்லவில்லை என்று அப்பா எதுவும் கேட்கவில்லை. டேப்பைச் சுருட்டிப் பையில் போட்டார். குழந்தையைத் தூக்கி அதன் தாத்தாவிடம் கொடுத்தார். "அண்ணே, சரக்கெல்லாத்தையும் எறக்கணும்."

"யாவார நேரத்துல என்ன சோலி பாக்குற தம்பி? சின்னப்பிள்ள ஏதோ ஒளறுதுன்னு..."

"அது சொன்னா சரியாத்தாண்ணே இருக்கும்."

ஆறு ரேக்கையும் காலி செய்தார். அந்தத் தெருவில் இருந்த வெல்டிங் கடையில் இரும்புப் பட்டை வெட்டி வந்து, ஒவ்வொரு தட்டுக்கும் அடியில் குறுக்கே வைத்து முடுக்கினார். சாயங்காலம் ஆகிவிட்டது. வாங்க வந்தவர்கள் பக்கத்துக் கடைக்குப் போனார்கள். எங்களுக்கு இரண்டாவது டீ வரவில்லை. கிளம்பும்போது கடைக்காரர், "மத்த ஆறு... பாக்கலாம் தம்பி" என்றார். அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கே புரிந்தது. இறங்கும் வழியில் அப்பா என்னைத் திட்டவில்லை. வளைவுகளில் வாந்தி எடுத்தபோது நெற்றியைத் தாங்கிப் பிடித்துக்கொண்டார்.

அதன் பிறகு அடியில் பட்டை இல்லாமல் ஒரு ரேக்கும் பட்டறையை விட்டுப் போனதில்லை. இன்று தம்பி அடித்திருக்கும் நோட்டீஸில் முதல் வரியே அந்தப் பட்டைதான். ஆனால் என்னை மட்டும் அப்பா மறுபடி தட்டில் ஏற்றவில்லை. முதலில் பொய் சொன்னதற்கா, பிறகு உண்மையைச் சொன்னதற்கா, எதற்காக வேலை போனது என்று தெரியாமல் கேட்டேன். "நீ வளந்துட்டேல்ல ஆத்தா" என்றார். ஒரே மாதத்தில் நான் அப்படி ஒன்றும் வளர்ந்திருக்கவில்லை. போகட்டும், அன்று கடையில் அவர் சொன்ன அந்த ஒரு வார்த்தை எனக்குப் போதுமாக இருந்தது. என் பேச்சை ஒருவர் கேள்வி கேட்காமல் நம்பினார் என்பதை, என்னையே நான் நம்பாத நாட்களில் எடுத்து எடுத்துப் பார்த்துக்கொள்வேன்.

போன ஞாயிற்றுக்கிழமை ஷோரூமில் தம்பி என் மூன்று வயது மகளைத் தூக்கிப் புது ரேக்கின் மூன்றாவது தட்டில் உட்கார வைத்தான். வரலாற்றுக்குப் பக்கத்தில் மாட்ட ஒரு போட்டோ. வேண்டாம் என்றேன். பிறகு, அவன் ஆசையை ஏன் கெடுக்க வேண்டும் என்று சரி என்றேன். பிறகு எல்லா போல்ட்டையும் ஒருமுறை தொட்டுப் பார்த்தேன். அப்பா பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, கைய எடு. படத்துல விழுது" என்றான் தம்பி.

குனிந்து பார்த்தேன். என் இடது கை, உள்ளங்கை மேலே பார்க்க, தட்டுக்கு அடியில் முட்டுக் கொடுத்திருந்தது. எப்போது வைத்தேன் என்று எனக்கே தெரியாது.

"இருக்கட்டும்டா" என்றார் அப்பா. "அப்படியே எடு."

திரும்பினேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, என் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு முறையும் இடப்பக்கம் ஒட்டித்தான் அவர் நின்றார். கும்பிடுவதற்கு இரண்டு கைகளும் வேண்டும்; அவர் கும்பிட்ட அந்த நொடியில்தான் தட்டு இறங்கியது. கடையில் என்னை ஒரு கேள்வியும் கேட்காதது ஏன் என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது.

ஆடியது அந்த ஒரு ரேக் மட்டும்தான் என்று இத்தனை வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன்.