நான் ஏறினால் நிற்கிற கார்

எங்கள் காருக்கு என்னைவிட வயது கூட. வெள்ளவத்தையில் எங்கள் லேனுக்குள் அது திரும்பினால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் போனைத் தூக்கிப் படம் எடுப்பார்கள். பழைய எஞ்சின் எண்ணெய் குடித்துக் குடித்து ஒருநாள் அடியோடு படுத்துவிட்டது. இவர், என் மனிசன், ஏதோ ஒரு ஜப்பான் காரில் கழற்றிய எஞ்சினை வாங்கிப் பூட்டுவித்தார். பூட்டியவர் கொட்டாஞ்சேனையில் இவருக்குப் பழக்கமான பாஸ். மெக்கானிக்கை இங்கே அப்படித்தான் சொல்வோம். புது எஞ்சின் வந்த கையோடு பிரச்சினையும் வந்தது.

முதல் தடவை நுகேகொடைக்குச் சாமான் வாங்கப் போகையில் கிருலப்பனைக் கலர்லைட்டில் நின்றது. மத்தியான வெயில். பின்னால் பஸ்காரன் ஹோனில் வைத்த கையை எடுக்கவே இல்லை. இவர் எவ்வளவோ ஸ்டார்ட் அடித்தும் பிடிக்கவில்லை. கரைக்குத் தள்ளிவிட்டு, ஒரு பிளேன்டீ குடித்துவிட்டு வந்து திறப்பைத் திருப்ப, ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பியது. அடுத்த தடவை களுபோவில ஆஸ்பத்திரிக்கு நோயாளி பார்க்கப் போகையில் நின்றது. பிறகு காலி வீதியில், எங்கள் லேனுக்குக் கிட்டவே. எல்லாத் தடவையும் நான் பக்கத்தில் இருந்தேன்.

பாஸ் காபரேட்டரைக் கழற்றினார். பெற்றோலும் காற்றும் கலக்கிற சாமான் அதுதானே, பிழையும் அதில்தான் என்று இரண்டு பேருக்கும் நிச்சயம். ஜெட்டை ஊதினார், மிதவையைச் சரிபண்ணினார், ஊசியை மாற்றினார், கடைசியில் முழுக் காபரேட்டரையுமே மாற்றினார். ஒவ்வொரு முறையும் இவர் விடியற்காலையில் மரைன் டிரைவில் ஒரு ஓட்டம் ஓடிப் பார்த்துவிட்டு வந்து, "பூப்போல ஓடுது" என்பார். மத்தியானம் நான் ஏறுவேன். நிற்கும்.

"இஞ்சாரும், நீர் ஏறினாத்தான் நிக்குது" என்றார் இவர், சிரித்துக்கொண்டு.

"நோனா ஏறினா காருக்கு வெக்கம் வருது போல" என்று என்னைக் காட்டிப் பாஸும் சேர்ந்துகொண்டார். முதல் நாள் நானும் சிரித்தேன்.

அந்தப் பகிடி கொட்டாஞ்சேனையில் இருக்கிற இவருடைய தங்கச்சிக்கும் போய்ச் சேர்ந்தது. அந்த மச்சாளின் மகளுக்குக் கல்யாணம் வந்திருந்தது. மண்டபத்துக்கு எங்கள் காரில்தான் போவேன், படத்துக்கு வடிவாக இருக்கும் என்று அந்தப் பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள். தாய்மாமன் ஓட்ட, மாமி நான் பக்கத்தில் இருக்க, பின்னுக்குத் தாயும் மகளும் வருவதென்று பேச்சு. ஒருநாள் மச்சாள் போனில் குரலைத் தாழ்த்தினாள்.

"அண்ணி, குறை நினைக்காதேங்கோ. அண்டைக்கு நீங்கள் மற்றச் சனத்தோட வானில வாங்கோவன். நல்ல காரியத்துக்குப் போகேக்க வழியில நிண்டாச் சரியில்லைத்தானே."

"ஓம்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டேன். எனக்குப் பிள்ளை இல்லை. ஆரத்தித் தட்டை என்னைத் தாண்டி அடுத்தவளிடம் நீட்டுகிறவர்களை எனக்கு நன்றாகத் தெரியும். ராசி என்ற சொல்லை அவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை, அவ்வளவுதான். இப்போது ஒரு பழைய இரும்புக்கும் நான் ஆகாதாம்!

இவர் வீட்டுக்கு வந்ததும் பிடித்துக்கொண்டேன். "நாளைக்கு மத்தியானம் நீங்களும் பாஸுமாய் நுகேகொடைக்குப் போட்டு வாங்கோ. நான் வரேல்லை."

"இந்த வெயிலுக்க என்னத்துக்கப்பா?"

"நான் போற நேரத்தில, நான் போற வழியால போய்ப் பாருங்கோ. விடிய வெள்ளன ஆளில்லாத றோட்டில கடற்காத்து வாங்கிக்கொண்டு ஓடினா எந்தக் காரும் ஓடும்."

மறுநாள் தேங்காய் துருவிக்கொண்டிருக்கும்போது போன் அடித்தது. இவர்தான். பின்னால் ஒரே ஹோன் சத்தம்.

"நிண்டிட்டுது" என்றார்.

"ஆர் ஏறினது?"

பொனட்டைத் திறக்கச் சொல்லி இவர் பாஸிடம் சொல்வது கேட்டது.

"நான் குசினியில நிக்கிறன். கேக்குதே?" என்று சொல்லிப் போனை வைத்தேன். வைத்துவிட்டு அழுதேன். சந்தோஷமா கோபமா, இரண்டும்தான்.

அங்கேயே பொனட்டைத் திறந்திருக்கிறார்கள். பெற்றோல் குழாயைத் தொட்ட பாஸ் ஐயோ என்று கையை உதறினாராம். பழைய எஞ்சினில் அந்தக் குழாய் வேறு பக்கத்தால் போனது. புதிய எஞ்சினில், புகை வெளியேறுகிற சூட்டுக் குழாயை ஒட்டியே அதைப் போட்டுவிட்டார்கள். நெரிசலில் நின்று நின்று போகும்போது பெற்றோல் உள்ளேயே கொதித்து ஆவியாகிவிடும். காபரேட்டருக்கு ஒன்றும் வந்து சேராது. சூடு ஆறினால் மறுபடி வரும். இதற்குத்தான் இவ்வளவு நாளும் காபரேட்டரைக் கழுவியது. பாஸ் குழாயை விலக்கிப் போட்டு, காபரேட்டருக்கு அடியில் சூடு ஏறாமல் ஒரு தகடும் வைத்தார். பிறகு நடுப்பகலில் புறக்கோட்டை நெரிசலுக்குள்ளேயே சுற்றிப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

இவர் என் முன்னாலேயே தங்கச்சிக்குப் போன் எடுத்து எல்லாம் விளக்கினார். "அப்ப அண்ணி முன்னுக்கே இருக்கட்டும்" என்றாள். வீம்புக்கு மாட்டேன் என்று சொல்ல நுனிநாக்குவரை வந்தது. சொல்லவில்லை. அது என் இடம்.

கல்யாணத்தன்று கொட்டாஞ்சேனையிலிருந்து வெள்ளவத்தை மண்டபத்துக்கு வெளிக்கிட்டோம். கொள்ளுப்பிட்டியில் கலர்லைட் சிவப்பு. வெயில் சுட்டது. பூச்சரம் கட்டிய பொனட் மெல்ல அதிர்ந்துகொண்டிருந்தது. மணப்பெண் போனில் தன்னைப் படம் எடுத்துக்கொண்டிருந்தாள். பச்சை விழுந்தது, கார் நகர்ந்தது. பின்சீட்டில் மச்சாள் "முருகா" என்று பெருமூச்சு விட்டாள். பக்கத்தில் இவரும் விட்டார், பிழை எதுவென்று கண்ணால் கண்டு திருத்துவித்த மனிசன்! எனக்குச் சுள்ளென்று கோபம் ஏறியது. இரண்டு பேரையும் ஒரு பிடி பிடிக்க வாயைத் திறந்தபோதுதான் என் கையைக் கண்டேன். சேலைத் தலைப்பை விரல் வெளிற முறுக்கிப் பிடித்திருந்தேன். லைட்டில் நின்ற நேரம் முழுக்க, என்னால் நின்றுவிடக் கூடாதே என்று நானும் வேண்டிக்கொண்டுதான் இருந்திருக்கிறேன்.