அவள் வேலையை விட்ட காரணம்

மேட்டுப்பாளையம் ரோட்டில் இருந்த ஒரு மோட்டார் பம்ப் கம்பெனியில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகள் பெரும்பாலும் எனக்கு அந்த நாற்காலியிலேயே போயின. வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் முதலில் கேட்பது என் குரலைத்தான். யாருக்கு வேண்டுமோ அவருக்கு லைனை மாற்றிக் கொடுப்பது மட்டும்தான் என் வேலை. ஆனால் என் வாய் அதோடு நிற்காது.

கம்பெனியை விட்டுப் போனவர்களைக் கேட்டு போன் வரும். "நின்னுட்டாருங்க, வேற ஆளுக்குக் குடுக்கறனுங்க" என்று சொன்னால் போதும். நான் கூடவே காரணமும் சொல்வேன். சர்வீஸ் டிபார்ட்மென்ட் பையன் நின்றபோது தேனி டீலரிடம், "மாமனார் ஊட்டுல ஏதோ தகராறாட்ட இருக்குதுங்க" என்றேன். ஃபிட்டர் ஒருவர் சவுதிக்குப் போனபோது, சம்பளத்துக்காக இல்லை, சூப்பர்வைசர் முகத்தில் விழிக்கப் பிடிக்காமல்தான் போனார் என்று சாப்பாட்டு மேஜையில் கண் காது மூக்கு வைத்துச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். யார் போனாலும் மறுநாள் என்னைச் சுற்றித்தான் கூட்டம். அதில் எனக்குப் பெருமை இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

எனக்கு அடுத்த மேஜையில் டைப்பிஸ்ட். காரமடையிலிருந்து பஸ்ஸில் வருவாள். என்னைவிட நாலைந்து வயது சின்னவள், என்னை அக்கா என்பாள். புருஷன் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் வடக்கே இருப்பார். ஒரே மகள். ஆறு வருஷம் நாங்கள் இருவரும் டிபன் பாக்ஸை மாற்றி மாற்றித்தான் சாப்பிட்டிருக்கிறோம். அவள் கொண்டுவரும் அரிசியும் பருப்பும் சாதத்துக்காக நான் என் வீட்டில் சமைத்ததை மனசாரத் தாரை வார்த்திருக்கிறேன். என் வீட்டுக் கதை ஒன்று விடாமல் அவளுக்குத் தெரியும். அவள் வீட்டுக் கதையும் எனக்கு அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

ஒரு திங்கட்கிழமை அட்டெண்டர் வந்து, "டைப்பிஸ்ட் அம்மணி ராஜினாமா குடுத்துப்போட்டாங்களாமே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று கேட்டார். தெரியாது. பக்கத்து மேஜையில் அவள் தலையைக் குனிந்து டைப் அடித்துக்கொண்டிருந்தாள். கேட்டதற்கு, "ஊட்டுல கொஞ்சம் சூழ்நிலை சரியில்லீங்கக்கா" என்றாள், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமையோடு போய்விட்டாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. ஆறு வருஷம் ஒன்றாகச் சாப்பிட்டதற்கு இதுதானா மரியாதை என்று பொருமினேன். சனிக்கிழமை மதியம் வழக்கம்போல் எல்லோரும் என் முகத்தைப் பார்த்தார்கள். ஒன்றும் தெரியாது என்று சொல்ல என் ரோஷம் விடவில்லை. முந்தின மாதம் எங்களுக்குக் கிடைக்க வேண்டிய ஒரு பெரிய டெண்டர் கடைசி நேரத்தில் வேறு கம்பெனிக்குப் போயிருந்தது. எங்கள் விலை வெளியே கசிந்துவிட்டது என்று பேச்சு. அந்தக் காகிதங்களை டைப் அடித்தது அவள்தான்.

"டெண்டர் போச்சு, அடுத்த மாசமே அம்மணியும் போயிட்டா. இதுக்கு மேல நான் என்னத்தங்க சொல்றது" என்றேன்.

ஸ்டோர்ஸ்காரர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். சாயங்காலத்துக்குள் மெஷின் ஷாப் வரைக்கும் அந்தப் பேச்சு போய்விட்டது. அவள் மேல் எனக்கு ஒரு துளி சந்தேகமும் கிடையாது. கோபத்தில் வந்த வார்த்தை, அதற்கு மேல் அதில் ஒன்றுமில்லை.

ஏழெட்டு மாதம் கழித்து ஒரு காலையில் போன் வந்தது. வயதானவர் குரல், ரொம்பத் தன்மையாகப் பேசினார்.

"காரமடையிலிருந்து பேசறனுங்க. இங்க சின்னதா ஒரு ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி வெச்சிருக்கோம். உங்ககிட்ட டைப்பிஸ்ட்டா இருந்தவங்க வேலை கேட்டு வந்திருக்காங்க. ஆளு எப்படிங்கம்மா? எதுக்குங்க நின்னாங்க?"

மேனேஜர் அப்போது அறையில்தான் இருந்தார். லைனை அவருக்கு மாற்றியிருந்தால், 'நல்ல பெண், குடும்பக் காரணம்' என்று இரண்டே வார்த்தையில் முடித்திருப்பார். நான் மாற்றவில்லை. ஒரு போன் கூடப் பண்ணாமல் இருந்தவள் மேல் இருந்த வருத்தம் என் நாக்கில் வந்து உட்கார்ந்துகொண்டது.

"வேலையில கெட்டிங்க, அதுல குறை சொல்ல முடியாது. நின்னதுக்குக் காரணம்னு கேட்டா... இங்க ஒரு டெண்டர் விஷயம் வெளிய போயிருச்சுங்க. அவங்கதான்னு நான் சொல்ல வரலைங்க, பேசிக்கறாங்க."

 "சரிங்கம்மா, நல்லதுங்க" என்று வைத்துவிட்டார். அடுத்த போன் வந்தது, எடுத்தேன். அன்றைக்கு அதைப் பற்றி நான் மறுபடி நினைக்கக்கூட இல்லை.

மறு வருஷம் என் தம்பிக்குக் கல்யாணம். வருத்தம் ஒருபுறம் இருந்தாலும் அவளுக்குப் பத்திரிகை வைக்காமல் இருக்க மனசு கேட்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காரமடை போய், கோயில் பக்கம் விசாரித்து வீட்டைக் கண்டுபிடித்தேன். கதவைத் திறந்தது மகள். பதினேழு வயதிருக்கும். இடது கன்னத்திலிருந்து கழுத்து வரை தோல் சுருங்கி இழுத்திருந்தது. இடது கை விரல்கள் இரண்டு ஒட்டியிருந்தன. நான் பார்ப்பதைப் பார்த்துவிட்டு அவள் உள்ளே போய்விட்டாள்.

டைப்பிஸ்ட் வந்து, "வாங்கக்கா" என்று கையைப் பிடித்து உட்கார வைத்தாள். காப்பி கொடுத்தாள். பத்திரிகையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிறகு நான் கேட்காமலே, தாழ்ந்த குரலில் சொல்ல ஆரம்பித்தாள்.

மகளுக்குப் பத்தாவது படிக்கும்போது வலிப்பு வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் ஒருமுறை, வீட்டில் நாலைந்து முறை. தனியாக விட முடியாது என்று டாக்டர் சொன்னதும் வேலையை விட்டாள். மாத்திரையில் கொஞ்சம் கட்டுப்பட்டதும் பக்கத்திலேயே வேலை தேடினாள். அந்த ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி அடுத்த தெருவில்தான் இருந்தது.

"மத்தியானம் ஒரு எட்டு ஊட்டுக்கு வந்து புள்ளையைப் பாத்துட்டுப் போலாம்னு இருந்தனுங்கக்கா. நாளைக்கே வாங்கன்னு சொன்னவரு, மறுநாள் போனா வேண்டாமுன்னுட்டாரு. அப்பறம் இந்தப் பக்கம் எங்க கேட்டாலும் அதே பேச்சுத்தானுங்க. கடைசில யாரும் விசாரிக்காத எடமா திருப்பூர்ல ஒரு பனியன் கம்பெனிக்குப் போனேன். வெடியக்காலம் போனா பொழுது விழுந்துதான் வருவேன். பக்கத்து ஊட்டுல சொல்லிட்டுத்தான் போனேன். புள்ள கஞ்சி வடிக்கயில வலிப்பு வந்திருச்சு. பானையோட விழுந்துட்டா."

காப்பி டம்ளரைக் கீழே வைத்தேன். மறைக்க எனக்குத் திராணி இல்லை. "அன்னிக்குப் போன்ல அந்த மாதிரிச் சொன்னது நான்தான் கண்ணு" என்றேன்.

"தெரியுமுங்கக்கா. போர்டுல இருந்த அம்மணி சொல்லுச்சுன்னு அவரே சொன்னாரு."

தெரிந்துதான் காப்பி கொடுத்திருக்கிறாள். நான் அழுதேன். அழுகையோடு, எனக்கே வெட்கமாக இருக்கும் அந்தக் கேள்வியையும் கேட்டேன். "எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

அவள் உள் அறைப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். "உங்ககிட்டச் சொன்னா கம்பெனிக்கே தெரிஞ்சிருமுங்களேக்கா. பொட்டப்புள்ள. வலிப்புன்னு வெளிய தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்க?"

அவள் குத்திக்காட்டவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற தொனியில்தான் சொன்னாள். அதுதான் என்னைக் கொன்றது. கிளம்பும்போது நான், "நாளைக்கே எல்லாரையும் கூப்பிட்டு வெச்சு உண்மையைச் சொல்லிடறேன்" என்றேன். பதறிப்போய் என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "சொல்லிப்போடாதீங்கக்கா. கஞ்சி கை தவறிக் கொட்டிருச்சுன்னுதான் ஊருக்குள்ள சொல்லியிருக்கோம். எம் பேரு எப்படியோ போகட்டுமுங்க." மகள் தலைமேல் அடித்துச் சத்தியம் கேட்டாள். கொடுத்துவிட்டு வந்தேன்.

டைப்பிஸ்ட் இப்போது உயிரோடு இல்லை. மகளிடம் கேட்டுவிட்டுத்தான் இதை எழுதுகிறேன். பெயர் மட்டும் வேண்டாம் என்றாள்.

தம்பி கல்யாணத்துக்கு டைப்பிஸ்ட் வரவில்லை. என் கம்பெனியிலிருந்து எல்லோரும் வந்திருந்தார்கள், அவர்கள் நடுவில் அவள் எப்படி வந்து நிற்பாள்? அடுத்த வருஷம் அவள் இருந்த இடத்தில் கம்ப்யூட்டர் வந்தது, அதை இயக்க ஒரு சின்னப் பெண்ணும் வந்தாள். ஒரு நாள் சாப்பிடும்போது அந்தப் பெண், "எனக்கு முன்னாடி இருந்தவங்க எதுக்குங்க போனாங்க?" என்று கேட்டாள். நான் வாயைத் திறப்பதற்குள் ஸ்டோர்ஸ்காரர் டெண்டர் கதையை ஆரம்பித்துவிட்டார். நான் சொன்னதைவிட நன்றாகவே சொன்னார். எதிர்க் கம்பெனி கார் வந்து அவளை பஸ் ஸ்டாப்பில் ஏற்றிக்கொண்டு போனதாக ஒரு புது விவரம் கூடச் சேர்ந்திருந்தது.

"பொய்யுங்க. அவ அப்படிப்பட்டவ இல்லை" என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

"நீங்கதானுங்கம்மா எங்களுக்கே சொன்னீங்க" என்று அவர் சிரித்தார். "சரி, அதில்லைன்னா வேற எதுக்குங்க போனாங்க? நீங்களே சொல்லுங்க."

மேஜையைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நான் சொல்லப்போவதற்காகக் காத்திருந்தார்கள். காரணம் தெரிந்திருந்தும், ஒருவர் கேட்டும், நான் வாயைத் திறக்காமல் இருந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஸ்டோர்ஸ்காரர் அந்தச் சின்னப் பெண்ணிடம், "பாத்தீங்களா, அக்காவே பேச மாட்டேங்கறாங்க, அப்ப நெசந்தான்" என்றார்.