விரலுக்குச் சுட்டால் எரிகிறது

"பிரேக்கை மிதி. மிதிச்சுக்கிட்டே இரு, காலை எடுக்காதே" என்று சொல்லிவிட்டு, சிவப்புக் கண்ணாடியைக் கழற்றிய பின்விளக்கின் முன்னால் குந்துகிறார் மெக்கானிக் பாலிகோவா. உதடு அசைய ஐந்து எண்ணுகிறார். பிறகு இரண்டு விரலால் பல்பைத் தொடுகிறார். "ஸ்ஸ்" என்று கையை உதறினால் வண்டி பாஸ். உதறாவிட்டால் அன்றைக்கு அந்த வண்டியில் யாரும் ஏறக்கூடாது.

ஜிஞ்சா நகரில், எங்கள் வாடகை மோட்டார் சைக்கிள் ஸ்டாண்டில் திங்கட்கிழமைகள் இப்படித்தான் தொடங்கும். போன மழைக்காலத்தில் எங்கள் ஆள் ஒருவன் பிரேக் பிடித்தபோது பின்விளக்கு எரியவில்லை. பின்னால் கரும்பு லாரி வந்துகொண்டிருந்தது. அவனைப் புதைத்த வாரமே ஸ்டாண்டுத் தலைவர் வக்காபி சட்டம் போட்டார். பாலிகோவா வாயால் "எரியுது" என்று வராமல் எந்த வண்டியும் நகராது. விளக்கு விஷயத்தில் பொய் சொல்கிறவனுக்கு ஸ்டாண்டில் இடம் கிடையாது, அவன் தலைவனே ஆனாலும்.

நான் பள்ளிக்கூட வாத்தியார். சொந்த வண்டி இல்லை, தினமும் இந்த ஸ்டாண்டு வண்டியில்தான் பள்ளிக்குப் போகிறேன். சோதனை முடியும்வரை பலா மரத்தடியில் முட்டை சுருட்டிய சப்பாத்தியைத் தின்றுகொண்டு வேடிக்கை பார்ப்பேன்.

பாலிகோவாவுக்கு நாற்பத்தாறு வயது. மெக்கானிக் என்று அடித்துச் சொன்னாலும் நம்ப முடியாதபடி இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை போட்டிருப்பார். அதில் ஒரு சொட்டு எண்ணெய் பட்டால் அன்று முழுக்க யாரோடும் பேச மாட்டார். சேறு அப்பிய விளக்குக் கண்ணாடியோடு வண்டி வந்தால் தொடக்கூட மாட்டார். "துடைச்சு எடுத்துட்டு வா. நான் என்ன உன் பொண்டாட்டியா?" என்பார்.

ஒயரைப் பிரித்தால் ஓட்டுகிறவனுக்குப் பரீட்சை வைப்பார். "இது என்ன கலர், சொல்லு பாக்கலாம்."

"பச்சைண்ணே. மஞ்சக் கோடு போட்டிருக்கு."

"பரவாயில்லையே, பொழைச்சுக்குவே."

என்ன அருமையான போதனா முறை என்று வியந்து, நானும் இதை வகுப்பில் செய்து பார்த்திருக்கிறேன்.

இரண்டு மாதம் முன்பு புதுச் செருப்பு வாங்கினேன். அதைப் போட்டுக்கொண்டு போய் நின்றதும் பாலிகோவா நிமிர்ந்து, "வாங்க ஐயா, உங்களுது என்ன வண்டி?" என்று மரியாதையாகக் கேட்டார். ஏழு வருஷமாகத் தினமும் என்னிடம் வம்பளக்கிறவர். "நான்தான்யா" என்றேன். "அட வாத்தியாரே! சும்மா விளையாட்டுக்குக் கேட்டேன்" என்று சிரித்தார். சிரிப்பு கொஞ்சம் தாமதமாக வந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. இத்தனை நாள் அவர் என்னை அடையாளம் கண்டது பழைய செருப்பின் சத்தத்தை வைத்துத்தான். அவருக்கு வெளிச்சமும் தெரியவில்லை, நிறமும் தெரியவில்லை, என் முகமும் தெரியவில்லை. அவருடைய பரீட்சையில் பாஸாகிக்கொண்டிருந்தது அவரேதான். பிள்ளைகளைப் படிக்கவைக்கிற எனக்கு இது தெரிய ஏழு வருஷமும் ஒரு ஜோடி செருப்பும் தேவைப்பட்டதில் வெட்கமாக இருந்தது.

தேவாலயத்தில் கண் மருத்துவ முகாம் நடந்தபோது மெல்லச் சொல்லிப் பார்த்தேன். "கண்ணு தெரியாதவங்க போகட்டும் வாத்தியாரே" என்றார். அவர் பயமும் நியாயம்தான். முகாமில் கொடுக்கிற சீட்டு ஸ்டாண்டுக்கு எட்டினால் பலா மரத்தடி வேலை போய்விடும். இஸ்திரிச் சட்டையும் போய்விடும். நான் வாயை மூடிக்கொண்டேன். வக்காபியின் சட்டம் பொய்யைத்தான் தடுக்கிறது, மௌனத்தை அல்ல.

நேற்று முன்தினம் திங்கட்கிழமை. கிருந்தா என்ற பையனின் வண்டியில் பிரேக் விளக்கு நிஜமாகவே எரியவில்லை. பாலிகோவா பல்பைக் கழற்றி மாட்டினார். பிரேக் மிதியோடு சேர்ந்த ஸ்விட்ச்சின் ஸ்பிரிங்கை இழுத்து, காதை வைத்து 'டிக்' கேட்டார். பிறகு சீட்டைத் தூக்கி ஒயரை நகத்தால் தடவிக்கொண்டே போய் ஓரிடத்தில் நிறுத்தினார்.

"மூணு பேரை ஏத்தணும்னு சீட்டை நீட்டினியே, ராஜா. ஆணி ஒயர் மேலேயே உக்காந்திருக்கு பாரு."

அறுந்த ஒயரை முறுக்கி டேப் சுற்றினார். கிருந்தா மிதித்தான். விளக்கு பளிச்சென்று எரிந்தது. கூடியிருந்த அத்தனை பேர் முகத்திலும் சிரிப்பு.

பாலிகோவா ஐந்து எண்ணினார். தொட்டார். கை உதறவில்லை.

"எரியல" என்றார்.

கிருந்தா போன வாரம்தான் எல்.இ.டி. பல்பு மாட்டியிருந்தான். பேட்டரி மிச்சமாகுமாம். தொட்டுப் பார்க்கப் பழைய பல்பு போலத்தான் இருக்கும், ஆனால் சுடாது.

பாலிகோவா மறுபடி தொட்டார். நெற்றி வியர்த்தது. தான் ஒழுங்காகச் செய்து முடித்த வேலையையே பிரிக்க டேப்பின் நுனியைத் தேடினார். எனக்குத் தாங்கவில்லை. தலைவர் வக்காபி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். எரிகிற விளக்கைப் பார்த்தார், அதற்கு ஒரு முழம் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்த பாலிகோவாவின் கண்களையும் பார்த்தார்.

"என்னப்பா, எரியலையா?"

"எரியலைங்க தலைவரே. ஒயர் சரியாத்தான் இருக்கு. எங்கே கோளாறுன்னுதான்..."

கிருந்தா இன்னும் காலை எடுக்கவில்லை. விளக்கு வக்காபியின் முகத்துக்கு நேராக எரிந்துகொண்டிருந்தது.

"எனக்கும் எரியற மாதிரி தெரியல" என்றார் வக்காபி. "டேய், இந்தப் புதுப் பல்பெல்லாம் ஏமாத்து. பழசை மாட்டு. இனிமே இந்த ஸ்டாண்டுல பழைய பல்புதான், இது சட்டம்."

"ஆமாண்ணே, செத்துப்போச்சு போல" என்று கிருந்தா, உயிரோடிருந்த பல்பைக் கழற்றிப் பைக்குள் போட்டான்.

பழைய பல்பு வந்தது. மிதி. ஐந்து. "ஸ்ஸ்!" பாலிகோவா கையை உதறி, விரலை ஊதினார். "எரியுது." கூட்டம் சத்தமில்லாமல் கலைந்தது.

கிருந்தா கீழே சேற்றில் கிடந்த கண்ணாடியை எடுத்து மாட்டிவிட்டு வண்டியைக் கிளப்பப் போனான். "இரு" என்றார் பாலிகோவா. யார் பக்கமும் திரும்பாமல், இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையின் முனையை இடுப்பிலிருந்து உருவினார். குனிந்து, சேறு அப்பிய அந்தச் சிவப்புக் கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். கண்ணாடியையும், அதைச் சுற்றி ஒரு சாண் தூரத்தையும்.